புதியவருக்கும் கை பழகியவருக்கும் ஒரே திரை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பில்லிங், கணக்கு, மருத்துவமனைப் பதிவு என்று ஒருவர் நாள் முழுக்க உட்கார்ந்து வேலை பார்க்கும் மென்பொருள்களைச் செய்கிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. பதில்களில் என் சாய்வு தெரியும். அதை மறைக்கப் போவதில்லை.

புதியவர், பழகியவர் என்று பயனர்களை இரண்டாகப் பிரித்துக்கொண்டு தொடங்கலாமா?

ஆட்களைப் பிரித்தால் சிக்கல்தான். ஒரு கணக்கரை எடுத்துக்கொள்ளுங்கள். விற்பனை வவுச்சரைப் பேசிக்கொண்டே போட்டுவிடுவார். அதே ஆள் மார்ச் முடிந்து புது ஆண்டுக்குக் கணக்கை மாற்றும் திரைக்கு வந்தால், போன வருஷம் செய்தது மறந்துபோய், ஒவ்வொரு வரியையும் இரண்டு தடவை படிப்பார். அவர் புதியவரா, பழகியவரா? காலையில் ஒன்று, மாலையில் மற்றொன்று.

அதனால் 'யார்' என்று கேட்பதற்குப் பதில் 'எந்தத் திரை, எவ்வளவு அடிக்கடி' என்று கேளுங்கள். தினம் இருநூறு முறை திறக்கும் திரையில் விசை அழுத்தங்களைக் குறைக்க வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை திறக்கும் திரையில் எல்லாவற்றையும் எழுத்தில் விளக்க வேண்டும்; அங்கே யாருமே நிபுணர் கிடையாது.

விஷுவல் பேசிக்கின் தந்தை என்று அழைக்கப்படும் ஆலன் கூப்பர் இன்னொன்றும் சொன்னார்: பயனர்களில் பெரும்பாலோர் எப்போதும் நடுவில்தான் இருப்பார்கள். புதியவராக யாரும் ரொம்ப நாள் இருப்பதில்லை. ஒன்று கற்றுக்கொள்வார், இல்லையென்றால் விட்டுவிட்டுப் போய்விடுவார். உச்சிவரை ஏறுகிறவர்களும் கொஞ்சம் பேர்தான். ஆனால் நாம் செய்கிற டெமோ முழுக்கப் புதியவருக்கும், நம் குழுவுக்குள் நடக்கும் சண்டை முழுக்க நிபுணருக்குமாகப் போய்விடுகிறது.

அப்படியானால் 'சிம்பிள் மோடு', 'அட்வான்ஸ்டு மோடு' வைப்பது?

முதலில் தோன்றும் யோசனை இதுதான். பழைய யோசனையும்கூட: 1980-களின் கடைசியில் வந்த மைக்ரோசாஃப்ட் வேர்டில் குறுகிய மெனு, முழு மெனு என்று இரண்டு இருந்தன. பிரச்சினை எங்கே வருகிறது என்றால், சிம்பிள் மோடில் இருப்பவருக்கு மறுபக்கத்தில் ஒரே ஒரு வசதி மட்டும் தேவைப்படும். அதற்காக மோடு மாற்றினால் மொத்தத் திரையும் புதிதாகிவிடும், பழகியதெல்லாம் போச்சு. மாற்றாமல் இருந்தால் அந்த ஒன்று கிடைக்காது. தவிர, தன்னை 'அட்வான்ஸ்டு' என்று நினைப்பவரும் உண்மையில் அப்படி இருப்பவரும் ஒரே ஆளாக இருப்பதில்லை. கூச்சப்பட்டு சிம்பிளிலேயே பத்து வருஷம் ஓட்டுபவர்கள் உண்டு.

மோடு பொருந்தும் இடமும் இருக்கிறது. வேலையே வேறாக இருக்கும்போது பொருந்தும். விண்டோஸ் கால்குலேட்டரில் சாதாரணக் கணக்குக்கு ஒன்று, அறிவியல் கணக்குக்கு ஒன்று, புரோகிராமருக்கு ஒன்று. யாருக்கும் குழப்பம் இல்லை, ஏனென்றால் அங்கே பிரிக்கப்படுவது வேலை.

புதியவரிடமிருந்து சிக்கலான வசதிகளை ஒளித்து வைக்க வேண்டாமா?

ஒளிப்பதற்கும் தடுப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. 1984-ல் ஐபிஎம்மில் ஜான் கேரலும் கரோலின் கேரிதர்ஸும் டிஸ்ப்ளேரைட்டர் என்ற எழுத்துச் செயலியில் ஒரு சோதனை செய்தார்கள். மெனுக்கள் எல்லாம் அப்படியே இருக்கும். ஆனால் கற்பவர் கடினமான ஒன்றைத் தேர்ந்தெடுத்தால், இந்தப் பயிற்சி வடிவத்தில் இது கிடைக்காது என்று ஒரு செய்தி மட்டும் வரும். அப்படிக் கற்றவர்கள் வேலையைச் சீக்கிரம் முடித்தார்கள், தவறிலிருந்து மீள்வதில் குறைந்த நேரமே செலவழித்தார்கள்.

எனக்கு இதில் பிடித்தது, எதுவும் இடம் மாறவில்லை என்பது. பின்னால் தடை நீங்கும்போது கைக்குத் தெரிந்த இடத்திலேயே எல்லாம் இருக்கும். கடைக்கு வந்த புதுப் பையன் பில்லை நீக்க முடியாமல் இருக்கட்டும். ஆனால் அந்த பட்டன் எங்கே இருக்கிறது என்று அவன் கண் முதல் நாளே பார்த்திருக்கட்டும்.

மென்பொருளே பயனரைக் கவனித்துத் தன்னை மாற்றிக்கொண்டால் என்ன? இப்போது ஏஐ இருக்கிறதே?

ஏஐ வருவதற்கு ரொம்ப முன்பே இதைச் செய்து பார்த்துவிட்டார்கள். ஆஃபீஸ் 2000-ல், அதிகம் பயன்படுத்தாத மெனு வரிகள் தாமாகவே மறைந்துகொள்ளும். கொஞ்ச நேரம் காத்திருந்தாலோ கீழே உள்ள அம்புக்குறியை அழுத்தினாலோதான் முழு மெனு விரியும். இதனால் புதியவருக்கு ஒரு வசதி இருப்பதே தெரியாமல் போனது. பழகியவருக்கோ, நேற்று மூன்றாவதாக இருந்தது இன்று ஐந்தாவதாக இருந்தது. இருவருக்கும் ஒரே சமயத்தில் இடைஞ்சல் கொடுத்த வடிவமைப்பு இது. 2007-ல் மெனுவுக்குப் பதில் பட்டன்கள் வரிசையாகத் தெரியும் 'ரிப்பன்' பட்டை வந்தபோது இந்த ஏற்பாடு விடைபெற்றது.

நீங்கள் அப்படிச் செய்தே ஆக வேண்டுமென்றால், பட்டியலின் தலையில் தனியாக ஒரு 'சமீபத்தில் பயன்படுத்தியவை' பகுதி வையுங்கள். அதற்குள் என்ன வேண்டுமானாலும் மாறட்டும். கீழே இருக்கும் முழுப் பட்டியல் அசையக் கூடாது.

சரி, மோடும் வேண்டாம், தானாக மாறுவதும் வேண்டாம். பிறகு என்னதான் செய்வது?

மெதுவான வழியிலேயே வேகமான வழியை எழுதி வைக்க வேண்டும். இந்தப் பக்கத்தில் நான் சொல்ல வருவது பெரும்பாலும் இதுதான்.

நம் ஊரில் இதற்குப் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது: டேலி. 1986-ல் தொடங்கிய இந்த பெங்களூரு நிறுவனத்தின் கணக்கு மென்பொருள், தமிழ்நாட்டில் தெருவுக்குத் தெரு வகுப்பு எடுத்துச் சொல்லிக்கொடுக்கப்படுகிறது. வவுச்சர் திரையின் வலப்பக்கம் பாருங்கள். எஃப்4 கான்ட்ரா, எஃப்5 பேமென்ட், எஃப்6 ரிசீட், எஃப்7 ஜர்னல், எஃப்8 சேல்ஸ், எஃப்9 பர்ச்சேஸ். முதல் வாரத்தில் வருபவர் அந்தப் பெயரைப் படித்து மவுஸால் அழுத்துவார். பெயருக்குப் பக்கத்திலேயே விசையும் எழுதியிருப்பதால் அழுத்தும் ஒவ்வொரு தடவையும் கண்ணில் படும். ஒரு நாள் கை தானாக எஃப்8-க்குப் போய்விடும். மெனுவிலும் அப்படித்தான்: ஒவ்வொரு வரியிலும் ஓர் எழுத்து தனித்துத் தெரியும், அதை அழுத்தினால் உள்ளே போகும்.

இன்னொரு நுணுக்கமும் அதில் உண்டு. விற்பனையைப் பதிவு செய்துகொண்டிருக்கும்போது வாடிக்கையாளரின் லெட்ஜர் இல்லை என்று தெரிந்தால், வெளியே வர வேண்டியதில்லை. ஆல்ட்+சி அழுத்தி அங்கேயே உருவாக்கிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். புதியவருக்கு இது பயம் போக்குவது, பழகியவருக்கு நேரம் மிச்சம்.

2020-ல் டேலி பிரைம் வந்தபோது முகப்பு மாறியது. ஆல்ட்+ஜி அழுத்தினால் எந்த அறிக்கைக்கும் பெயரைத் தட்டிப் போகும் வசதி மேலே வந்து உட்கார்ந்தது. ஆனால் எஃப்4 முதல் எஃப்9 வரை பழைய இடத்திலேயே இருந்தன. ஒரு தலைமுறைக் கணக்கர்களின் விரல்களில் ஏறிவிட்டதைத் தொடாமல் விட்டது சரியான முடிவு. டேலியின் எல்லாத் திரையும் அழகு என்று நான் சொல்லவில்லை. எஃப்12-ஐ அழுத்தினால் வரும் ஆம்-இல்லை பட்டியலில் தொலைந்துபோகாதவர் யார்?

ஷார்ட்கட் வைத்தால் போதுமா? பழகியவர்கள்கூட அதைத் தொடுவதில்லையே.

உண்மைதான். 2005-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், வேர்டை நன்றாகப் பழகிய 251 பேரிடம் கேட்டுப் பார்த்தார்கள். வெட்டுதல், ஒட்டுதல் மாதிரி அன்றாட வேலைகளுக்கே பெரும்பாலோர் ஐகானைத் தேடி அழுத்திக்கொண்டிருந்தார்கள். வருடக்கணக்கான அனுபவம் தானாக வேகத்தைக் கொண்டுவந்துவிடாது. இதன் காரணத்தை மேலே சொன்ன கேரலும் மேரி பெத் ராஸனும் 1987-லேயே எழுதிவிட்டார்கள்: மனிதர்களுக்கு இப்போதைய வேலை முடிய வேண்டும்; கற்றால் நாளை மிச்சமாகும் என்று தெரிந்தாலும் இன்று நிற்க மாட்டார்கள்.

ஆகவே தனியாக ஷார்ட்கட் பட்டியல் ஒன்றைப் பிடிஎஃப் ஆக்கி அனுப்புவது வீண். வேலையின் நடுவே காட்ட வேண்டும். நிரல் எழுதுபவர்கள் பயன்படுத்தும் எடிட்டர்களைப் பாருங்கள். ஈமேக்ஸில் ஒரு கட்டளையைப் பெயர் தட்டி ஓட்டினால், இதையே இந்த விசையாலும் செய்யலாம் என்று கீழே ஒரு வரி வரும். விஎஸ் கோடில் கண்ட்ரோல்+ஷிஃப்ட்+பி (P) அழுத்தினால் திறக்கும் கட்டளைப் பெட்டியில், ஒவ்வொரு பெயருக்கும் எதிரில் அதன் விசை நிற்கும். இந்தப் பெட்டி எனக்கு ரொம்பப் பிடித்தமானது. பெயர் பாதி ஞாபகம் இருந்தால் போதும், எந்த மெனுவுக்குள் ஒளிந்திருக்கிறது என்று தேட வேண்டியதில்லை. நடுவில் இருக்கும் பெரும்பாலோருக்கு இதைவிட நல்ல துணை கிடையாது.

ஒரு விநாடி, இரண்டு விநாடி மிச்சத்துக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டுமா?

கணக்குப் போட்டுப் பாருங்கள். கார்டு, மோரன், நியூவெல் மூவரும் 1980-ல் வெளியிட்ட விசை அழுத்தக் கணக்கில், நன்றாகத் தட்டச்சு செய்பவருக்கு ஒரு விசைக்குச் சுமார் 0.2 விநாடி, மவுஸால் ஓர் இடத்தைக் குறிபார்க்க 1.1 விநாடி, கீபோர்டிலிருந்து மவுஸுக்குக் கை போக 0.4 விநாடி. பில்லைச் சேமிக்க மவுஸை எடுத்து, குறிபார்த்து, அழுத்தி, மறுபடி கீபோர்டுக்கு வந்தால் 2.1 விநாடி. டேலியில் சேமிக்கும் விசையான கண்ட்ரோல்+ஏ என்றால் 0.4. வித்தியாசம் 1.7 விநாடி. ஒரு கடையில் நாளைக்கு 400 பில், பில்லுக்கு இப்படி நான்கு இடம் என்று வைத்தால் தினம் 45 நிமிடம். மவுஸைத் தூக்கித் தூக்கி வைக்கும் மணிக்கட்டின் வலி தனி.

இதைக் கண்ணால் பார்த்துச் சொல்லிவிட முடியாது என்பதற்கும் ஒரு கதை உண்டு. அமெரிக்காவில் நைனெக்ஸ் என்ற தொலைபேசி நிறுவனம் தன் ஆபரேட்டர்களுக்குப் புதுக் கணினி வாங்க நினைத்தது. நவீனத் திரை, வேகமான காட்சி, எல்லோரும் நேரம் மிச்சம் என்றே நம்பினார்கள். ஓர் அழைப்பில் சராசரியாக ஒரு விநாடி குறைந்தால் ஆண்டுக்கு 30 லட்சம் டாலர் லாபம் என்பது அவர்கள் கணக்கு. வெய்ன் கிரே, போனி ஜான், மைக்கேல் அட்வுட் மூவரும் விசை விசையாகக் கணக்கிட்டு, புதியது மெதுவாகத்தான் இருக்கும் என்றார்கள். நேரில் ஓட்டிப் பார்த்தபோது அப்படியே ஆனது, சுமார் 4 சதவீதம் மெதுவு. முன்பு வாடிக்கையாளர் பேசிக்கொண்டிருக்கும்போதே அழுத்தி முடித்த விசைகள், புதிய ஏற்பாட்டில் அவர் பேசி முடித்த பிறகு அழுத்துவதாக ஆகிவிட்டன. இந்த ஆய்வு 1993-ல் வெளிவந்தது. பில்லிங் கவுன்ட்டருக்கு மென்பொருள் எழுதுபவர்கள் தேடிப் படிக்க வேண்டியது.

முதல் முறை திறந்ததும் ஏழெட்டு பலூன் காட்டி 'டூர்' போடலாமா?

வேண்டாம். 'ஸ்கிப்' எங்கே என்றுதான் எல்லோரும் தேடுவார்கள். வெற்றுத் திரையில் 'இன்னும் பில் இல்லை. முதல் பில் போட எஃப்8' என்று ஒரு வரி போதும்.

'நிச்சயமாக நீக்கவா?' என்று கேட்பது இருவருக்கும் நல்லதுதானே?

இருவருக்குமே உதவாது. புதியவர் பயந்து 'இல்லை' அழுத்துவார். பழகியவர் படிக்காமல் எண்டர் தட்டுவார், தவறாக நீக்கும்போதும் அதே வேகத்தில் தட்டுவார். திரும்பப் பெறும் வழி வைப்பதுதான் சரி. ஜிமெயிலில் அனுப்பிய மடலைச் சில விநாடிகள் பிடித்து வைத்து 'அன்டூ' தருவது 2009-ல் சோதனை வசதியாக வந்து 2015-ல் நிலையானது. பயமில்லாமல் தொட்டுப் பார்க்க முடிகிற மென்பொருளில்தான் புதியவர் சீக்கிரம் பழகியவர் ஆகிறார். கேள்வி கேட்பதை மீளவே முடியாதவற்றுக்கு மட்டும் வையுங்கள். அங்கேயும் பட்டனில் 'ஆம்' என்று எழுதாமல் 'மார்ச் மாதப் பில்களை நீக்கு' என்று எழுதுங்கள்.

செட்டிங்ஸில் எல்லாவற்றையும் மாற்றிக்கொள்ளும்படி விட்டுவிடலாமா?

குழுவுக்குள் சண்டை தீராதபோதுதான் பெரும்பாலும் இந்த யோசனை வரும். நாம் முடிவெடுக்காமல் பயனர் தலையில் கட்டுவது அது. டீஃபால்டை நன்றாக யோசித்து வையுங்கள், பெரும்பாலோர் செட்டிங்ஸ் பக்கம் வரவே மாட்டார்கள். விதிவிலக்கு, விசைகளை மாற்றிக்கொள்ளும் வசதி. ஓரெழுத்து ஷார்ட்கட் வைத்தால் அதை அணைக்கவோ மாற்றவோ வழி இருக்க வேண்டும் என்று 2018-ல் வந்த வெப் அணுகல்தன்மை வழிகாட்டி 2.1-லேயே இருக்கிறது. குரலால் கணினியை இயக்குபவர் ஒரு சொல் பேசினால் நான்கு கட்டளை ஓடிவிடக் கூடாது அல்லவா.

பழைய பயனர்கள் இருக்கும்போது முகப்பை அடியோடு மாற்றலாமா?

மாற்றலாம், கைப்பழக்கத்துக்கு ஒரு வாசல் விட்டுவிட்டு. எக்செல்லில் ஆல்ட், இ, எஸ் என்று அழுத்திச் சிறப்பு ஒட்டலை (பேஸ்ட் ஸ்பெஷல்) திறப்பது 2003 வரையிலான மெனுவின் வழி. 2007-ல் அந்த மெனுவே போய்விட்டது. ஆனாலும் அந்த விசைகள் வேலை செய்தன. இல்லாத மெனுவின் ஷார்ட்கட் இருக்கிறது!

முப்பரிமாண மென்பொருளான பிளெண்டர் 2019-ல் 2.8 பதிப்பில் இதைவிடத் துணிச்சலாக இறங்கியது. அதுவரை வலது கிளிக்கில்தான் பொருளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். புதிதாக வந்தவர் முதல் நிமிடத்திலேயே திகைத்து நிற்பார். 2.8 இடது கிளிக்குக்கு மாறியது. அதே சமயம் முதல் முறை திறக்கும்போதே, எந்தக் கிளிக், எந்த விசைத் தொகுப்பு, பழைய 2.7 முறையா என்று கேட்டுவிட்டது. கேட்ட இடம் முக்கியம். செட்டிங்ஸின் ஏழாவது பக்கத்தில் வைத்திருந்தால் பழைய ஆட்கள் கொதித்திருப்பார்கள்.

தமிழ் இடைமுகத்தில் தனியாகக் கவனிக்க வேண்டியது உண்டா?

நிறைய. முதலில், உள்ளீடு. புதியவர் 'அம்மா' என்று ஒலிப்படி ஆங்கில எழுத்துகளில் தட்டுவார், கற்க எதுவுமில்லை. தமிழ்99 விசைப்பலகை 1999-ல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி வந்து, தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்டது. அதில் உயிர் இடக்கைக்கு, மெய் பெரும்பாலும் வலக்கைக்கு. ஒரே மெய்யை இருமுறை தட்டினால் புள்ளி தானாக விழும். 'வணக்கம்' என்று எழுத அதில் ஆறு விசை. ஒலிபெயர்ப்பில் எட்டு எழுத்து, பல முறைகளில் 'ண'வுக்கு ஷிஃப்ட் வேறு. மூன்றாவது கூட்டம் தட்டச்சு வகுப்பில் லோயர், ஹையர் முடித்துவிட்டு வந்தவர்கள். அவர்களுக்குப் பழைய தட்டச்சு வரிசை தவிர எதுவும் ஓடாது.

மேலே நான் வாதாடிய 'மெதுவான வழியிலேயே வேகமான வழி' இங்கே செல்லாது. ஒலிபெயர்ப்பிலிருந்து தமிழ்99-க்குப் படிப்படியாக ஏற முடியாது, குதிக்கத்தான் வேண்டும். அதனால்தான் இ-கலப்பை, என்எச்எம் ரைட்டர் போன்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருள்கள் எல்லா முறைகளையும் வைத்துக்கொண்டு, ஒரு விசையில் மாற்ற விட்டன. கைகள் ஏற்கெனவே பயிற்சி பெற்று வந்திருந்தால் தேர்வு கொடுப்பதுதான் மரியாதை.

அப்புறம், டெவலப்பர்கள் தவறவிடும் ஒன்று. வெப் செயலியில் 'எச்' விசைக்கு ஒரு ஷார்ட்கட் வைக்கிறீர்கள். பயனர் தமிழ்99-ல் இருந்தால் உங்கள் நிரலுக்கு 'எச்' வராது, 'க' வரும். ஷார்ட்கட் செத்தது. எழுத்தைப் பார்க்காமல் விசையின் இடத்தைச் சொல்லும் மதிப்பைப் பாருங்கள். பிரௌசர் இரண்டையுமே தருகிறது. மெனுவில் அடிக்கோடிடும் எழுத்துக்கும் இதே தொல்லை. தமிழாக்கம் செய்த லினக்ஸ் மென்பொருள்களில் 'கோப்பு' என்பதன் பக்கத்தில் அடைப்புக்குள் ஆங்கில எழுத்தை வைக்கிறார்கள். பார்க்க அழகில்லை, ஆனால் எந்த விசைப்பலகையில் இருந்தாலும் கண்டுபிடிக்க முடிகிறது.

மொபைலில் ஷார்ட்கட் ஏது?

சைகைகள் இருக்கின்றன: இழுத்தல், அழுத்திப் பிடித்தல். கண்ணுக்குத் தெரியாதவை என்பதுதான் குறை. எனவே இழுத்து நீக்கும் வசதி வைத்தால், உள்ளே திறந்து நீக்கும் பட்டனும் இருக்கட்டும். இதற்கு அழகான தீர்வை கார்டன் கர்ட்டன்பாக்கும் பில் பக்ஸ்டனும் 1990-களில் கண்டார்கள், முப்பரிமாண மென்பொருளான மாயாவில் இன்றும் இருக்கிறது. அழுத்திப் பிடித்தால் சுற்றிலும் மெனு விரியும். வேண்டிய திசையில் இழுத்து விடலாம். பழகியவர் மெனு விரியக் காத்திருக்காமல் அதே திசையில் சட்டென்று இழுப்பார். இருவரின் கையசைவும் ஒன்றுதான், ஒருவர் பார்த்துச் செய்கிறார், ஒருவர் பார்க்காமல் செய்கிறார். தொடுதிரைச் செயலிகளில் இதை ஏன் இன்னும் பலர் எடுத்துக்கொள்ளவில்லை என்பது எனக்குப் புரிவதில்லை.

யாரை வைத்துச் சோதிப்பது?

முதல் நாள் ஆளை எல்லோரும் சோதிக்கிறார்கள். இரண்டாவது வாரத்தில் அதே ஆளை மறுபடி பாருங்கள். மவுஸிலிருந்து விசைக்கு மாறியிருக்கிறாரா என்று அப்போதுதான் தெரியும். பழகியவரைச் சோதிக்க அறைக்குக் கூப்பிடாதீர்கள், அவர் கவுன்ட்டருக்குப் பின்னால் போய் நில்லுங்கள், கூட்டம் இருக்கும் நேரத்தில். மானிட்டர் ஓரத்தில் ஒட்டியிருக்கும் துண்டுச் சீட்டுகளை, அவர் அனுமதியோடு, படம் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் எழுதியிருப்பவை உங்கள் திரையில் எழுதாமல் விட்டவை.